டொலீடோவின் கடைசி அசிஸ்ட்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகின் தலைமை அலுவலகத்தில் பெரிய வரைபடம் ஒன்று தொங்குகிறதாம். ஒவ்வோர் அணிக்கும் ஒரு வண்ண ஊசி. மேற்கே ஸ்போகேனுக்கும் எல் பாசோவுக்கும் புதிதாக இரண்டு அணி கொடுத்தார்கள். பிரிவுகளில் எண்ணிக்கை இடித்தது. எங்கள் அணியின் புது முதலாளியும் கடலோரத்தில் பெரிய அரங்கம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் என்ன, மத்தியப் பிரிவிலிருந்து ஓர் ஊசியைப் பிடுங்கித் தெற்குப் பிரிவில் குத்திவிட்டார்கள். நாற்பத்திரண்டு வருஷமாக ஆற்றங்கரைச் செங்கல் அரங்கத்தில் ஆடிய டொலீடோ கிளாஸ்மென், அக்டோபரிலிருந்து ஜாக்சன்வில்லில் ஆடுவார்கள். குத்தியவனுக்கு ஒன்றும் வலித்திருக்காது.

மாநகராட்சி கோர்ட்டுக்குப் போய் ஒன்றை மட்டும் மீட்டது. ஆட்டக்காரர்கள் போகலாம், அணியின் பெயரும் நிறமும் சாதனைப் புத்தகமும் ஊரை விட்டுப் போகாது. கடைசி ஆட்டத்துக்கு மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்கு அந்தப் புத்தகம் மூடப்படும். அதன் பிறகு ஜாக்சன்வில்லில் எவன் எத்தனை அடித்தாலும் அது வேறு புத்தகம், வேறு கணக்கு.

அந்தப் புத்தகத்தை முப்பத்தொரு வருஷமாக எழுதியவள் டெல்ஃபின் நோவாக். வயது ஐம்பத்தெட்டு. கார்களுக்குக் கண்ணாடி செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை. கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்து, மயிரிழைக் கீறல் இருந்தாலும் முழுசையும் ஒதுக்கித் தள்ளுவாள். ஆட்ட நாட்களில் ஆடுகளத்து ஓர மேஜையில் நடுநாயகமாக உட்கார்ந்து, இங்கேயும் அதையேதான் செய்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால் அவளைப் பார்த்திருக்க வேண்டும்.

கூடையில் விழுந்த பந்தை எழுத யாராலும் முடியும். கஷ்டம் அசிஸ்ட் எழுதுவதில்தான். ஒருவன் கொடுத்த பந்தை மற்றவன் வாங்கிய கையோடு கூடைக்குள் போட்டால், கொடுத்தவன் பெயரில் ஓர் அசிஸ்ட் ஏறும். வாங்கியவன் பந்தைத் தட்டிக்கொண்டு, எதிராளியை ஏமாற்றி, சொந்த வித்தையில் போட்டால் ஏறாது. இரண்டுக்கும் நடுவில் வருவதை மேஜையில் இருப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். மற்ற ஊர்களில் சொந்த ஊர்ப் பையன் என்றால் வாரி வழங்குவார்கள். எங்கள் ஊரில் டெல்ஃபின் இருந்தாள்.

அணியின் தலைவன் ஜெரெல் டக்கெட், பதினோரு வருஷத்துக்கு முன்னால் புதுப் பையனாக வந்த முதல் மாதம், மேஜைப் பக்கம் வந்து கேட்டான்.

"மிஸ் டெல்ஃபின், இப்ப நான் குடுத்தது அசிஸ்ட் இல்லையா?"

"உன் வேலை பந்து, தம்பி. என் வேலை பேனா. நான் வந்து உன் பந்தைத் தொட்டேனா?"

அதோடு சரி. அதன் பிறகு அவன் அந்த மேஜையைப் பார்த்து முகம் சுளித்ததுகூட இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் அரங்கத்து வீடியோ அறைக்குப் போவாள். கசகசா ரொட்டி ஒன்று, காபி ஒன்று. முழு ஆட்டத்தையும் திரும்பப் பார்த்து, தான் எழுதியதோடு ஒப்பிடுவாள். யாரும் செய்யச் சொன்னதில்லை. தப்பு இருந்தால் மதியத்துக்குள் லீகுக்குத் திருத்தம் அனுப்பலாம் என்பது விதி. மற்ற ஊர்களிலிருந்து வருஷத்துக்கு இருபது திருத்தம் போகும். டொலீடோவிலிருந்து முப்பத்தொரு வருஷத்தில் ஒன்றுகூடப் போனதில்லை. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை, பகல் ஒரு மணிக்குக் கடைசி ஆட்டம். ஊரே வந்திருந்தது. ஆட்டம் யாருடன் என்பதுகூடப் பாதிப் பேருக்கு ஞாபகமில்லை. அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு எண். இந்த ஊருக்காக மிக அதிக அசிஸ்ட் கொடுத்தவர் ஓட்டிஸ் பிளெட்சோ: நாலாயிரத்து எண்ணூற்றுப் பதினேழு. டக்கெட்டிடம் நாலாயிரத்து எண்ணூற்று எட்டு. இன்றைக்குப் பத்து கிடைத்தால் டக்கெட் தாண்டிவிடுவான். ஒன்பது போதாது, சமமாக வந்தால் முதலில் தொட்டவன் பெயர்தான் புத்தகத்தில் மேலே நிற்கும். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அடுத்த வருஷம் என்று ஒன்று டொலீடோவுக்குக் கிடையாது.

அந்த ஓட்டிஸ் பிளெட்சோவே மேஜைக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அறுபத்தாறு வயது, தெற்குத் தெருவில் பன்றி விலா எலும்பு சுட்டு விற்கும் கடை, அரங்கத்தின் எந்த மூலைக்கும் கேட்கும் குரல்.

"ஏம்மா டெல்ஃபின்! இன்னிக்காவது கொஞ்சம் கை தாராளமா இருக்கட்டும்! அவன் என்னைத் தாண்டட்டும். எனக்கும் வயசாச்சு, சுமக்க முடியல!"

"நீங்க ஆடின காலத்துல நான் எழுதியிருந்தா உங்களுக்கு மூவாயிரம்தான் தேறியிருக்கும்," என்றாள் டெல்ஃபின் திரும்பாமலே. சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஓட்டிஸ்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

விடைபெறும் நாள் என்பதற்காக அணிக்கு முதல் வருஷத்து உடுப்பைத் தைத்துப் போட்டிருந்தார்கள். வெண்ணெய் நிறத் துணி, அதன்மேல் வெளிர் மஞ்சளில் சுருள் சுருளான எண்கள். பார்க்க அழகுதான். தூரத்திலிருந்து படிக்கத்தான் முடியாது. டெல்ஃபின் சொல்லச் சொல்ல எந்திரத்தில் தட்டும் வெண்டெல், வாரநாட்களில் மருந்துக்கடை வைத்திருப்பவர், முதல் ஐந்து நிமிஷத்திலேயே முணுமுணுக்க ஆரம்பித்தார்.

"டெல், இந்த எண்ணைத் தச்சவன் கையில கெடைச்சா நான் விஷம் குடுத்துடுவேன். டக்கெட்டோட எட்டும் அந்தப் புதுப் பையன் ரீவ்ஸோட ஆறும் ஒரே மாதிரி இருக்கு."

"நான் பாத்துச் சொல்றேன். நீ தட்டு."

ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கையில் புள்ளிப் பலகையில் டக்கெட்டுக்கு ஒன்பது. அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. நாற்பது விநாடி இருக்கும்போது டக்கெட் பாதிக் களத்திலிருந்து பந்தை வீசினான். ஐந்து பேர் தலைக்கு மேலே போய், கூடைக்கு அடியில் நின்ற எங்கள் அணி லித்துவேனியாக்காரனின் கையில் பூப்போல விழுந்தது. ஏழடி ஆள். அப்படியே கையை நீட்டினால் போதும். அந்த மகாராசன் என்ன செய்தான்? பந்தை ஒருமுறை தட்டினான். இன்னொருமுறை தட்டினான். முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த எதிராளியைத் தோளால் ஏமாற்றி, ஒரு சுற்றுச் சுற்றி, அப்புறம் போட்டான்.

கூரை பறந்துவிடும் போலச் சத்தம். ஒலிபெருக்கிக்காரர் "பத்து! பத்து!" என்று கத்தியேவிட்டார். ஜனம் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதது. வெண்டெலின் விரல் எந்திரத்தின் மேல் நின்றது.

"டெல்? எட்டு, அசிஸ்ட். அப்படித்தானே?"

கொடுத்துவிட எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை டெல்ஃபின் மட்டுமே அறிவாள். பதினோரு வருஷம் இந்தப் பையன் ஓடியதைப் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தவள். முழங்காலில் ரத்தம் வழிய ஆடியதைப் பார்த்தவள்.

"இல்ல," என்றாள். "ரெண்டு தட்டு தட்டினான். ஆளை ஏமாத்திச் சுத்தினான். அது அவன் சொந்தமாப் போட்டது."

பலகை ஒன்பதிலேயே நின்றது. ஜனத்துக்குப் புரிய அரை நிமிஷம் ஆனது. அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு கூச்சல், அதுவரை நடுவர்களுக்குக்கூட அப்படிக் கிடைத்ததில்லை.

"குடுத்துத் தொலையேன்டி! உன் அப்பன் வீட்டுச் சொத்தா?"

"நெஞ்சுல ஈரமே இல்லையா உனக்கு?"

ஓட்டிஸ் தடுப்பைத் தாண்டி மேஜைக்கே வந்துவிட்டார். "அம்மாடி, சாதனை என்னுது. நானே சொல்றேன், குடு. வேற யாருக்கு என்ன வந்துச்சு?"

"உங்க சாதனையை நீங்க குடுக்கலாம் ஓட்டிஸ். இல்லாத அசிஸ்ட்டை நான் எப்படிக் குடுப்பேன்?"

மணி அடித்தது. ஆட்டம் முடிந்தது. டக்கெட் களத்தின் நடுவில் நின்று நாலு பக்கமும் கையசைத்தான். மேஜைப் பக்கம் வந்தபோது ஒரு விநாடி நின்று, டெல்ஃபினைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனான். கோபமா, விடைபெற்றதா என்று அவளுக்கு விளங்கவில்லை. வெளியே வந்தால், அவள் காரின் முன்கண்ணாடியில் யாரோ ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் கடுகுச் சாந்தால் 'திருடி' என்று எழுதியிருந்தார்கள். துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். துடைக்கும்போது கண்ணாடி தன் தொழிற்சாலையில் செய்ததா என்று ஓரத்து முத்திரையைப் பார்த்தாள் என்றால் நம்புவீர்களா? பார்த்தாள். அதுதான் டெல்ஃபின்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வழக்கம்போல வீடியோ அறையில் இருந்தாள். இனி எழுத ஆட்டமில்லை, ஒப்பிடுவதால் யாருக்கும் லாபமில்லை, ஆனாலும் வந்தாள். கடைசிப் பந்தை நாலுமுறை பார்த்தாள். இரண்டு தட்டு, ஒரு சுற்று. சந்தேகமே இல்லை.

இரண்டாவது கால்பகுதியை அதற்குப் பிறகுதான் பார்த்தாள். கூடைக்கு அடியில் ஒரே நெரிசல். ஆளுயரக் கால்களுக்கு நடுவிலிருந்து ஒரு கை நீண்டு பந்தை வெளியே தள்ளுகிறது. வெளியே நின்றவன் வாங்கிய கையோடு போடுகிறான். நேற்று அவள் பார்த்தது ஒரு கையும், துணி மடிப்பில் பாதி மறைந்த ஒரு சுருள் எண்ணும். "ஆறு, அசிஸ்ட்" என்று சொல்லியிருந்தாள். வெண்டெல் தட்டியிருந்தார்.

நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள். பந்தைத் தள்ளியது இடது கை.

ரீவ்ஸ் வலது கைக்காரன். டக்கெட் இடது கைக்காரன்.

ரொட்டியைத் தள்ளி வைத்தாள். இன்னொரு கேமராவின் பதிவைப் போட்டாள். ரீவ்ஸ் அந்த நேரத்தில் களத்தின் மறு மூலையில் காலி இடத்தில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான். முப்பத்தொரு வருஷத்தில் முதல் கீறல். அதுவும் எந்த நாளில்!

ஏழரைக்கு வெண்டெலை வரவழைத்தாள். அவர் இரண்டுமுறை பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் பார்த்தார்.

"அடக் கடவுளே," என்றார். பிறகு கதவைச் சாத்தினார். "டெல், இது டிவியில வரல. இந்த கேமராவுல மட்டும்தான் இருக்கு. நமக்கு ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

"அதுக்கு?"

"விட்டுடு. நேத்து ஊரே உன்னைக் காறித் துப்புச்சு. இன்னிக்குக் காலைல நீ திருத்தம் அனுப்பினா என்ன பேசுவாங்க? பயந்துபோய்க் குடுத்துட்டா, காருல கடுகைப் பூசினதும் வழிக்கு வந்துட்டான்னு பேசுவாங்க. வீடியோவைக் காட்டினாலும் ஒருத்தன் நம்பமாட்டான். முப்பத்தோரு வருஷப் பேரு, ஒரே காலைல போயிடும்."

அவர் சொன்னது அத்தனையும் நிஜம் என்று டெல்ஃபினுக்குத் தெரியும். அவளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. நேற்றெல்லாம் அந்தப் பையனுக்குக் கொடுக்க வேண்டும் என்று தவித்தவள், இன்று காலை ஆறை எட்டாகப் பார்க்கிறாளோ? ஆசை கண்ணை மறைக்கிறதோ? அதனால் ரீவ்ஸுக்கே போன் போட்டாள். பத்து நாள் ஒப்பந்தத்தில் வந்த இருபத்திரண்டு வயதுப் பையன். ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"ரீவ்ஸ், நேத்து ரெண்டாவது கால்பகுதியில உன் பேருல ஒரு அசிஸ்ட் இருக்கு. அந்தப் பந்தை நீ குடுத்தியா?"

"இல்ல மேடம். டக்கெட் அண்ணன்தான் குடுத்தாரு. நான் அந்த மூலையில இருந்தேன்."

"அப்ப ஏன்ப்பா சொல்லல?"

"ஆட்டம் முடிஞ்சுதான் கணக்குத் தாளைப் பாத்தேன். என் பேருக்கு நேரா ஒண்ணுன்னு இருந்துச்சு. நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்னு எல்லாரும் சொல்லியிருக்காங்களா, ஒருவேளை என் கை பட்டிருக்குமோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு." தயங்கினான். "அதைப் போட்டோ புடிச்சு எங்கம்மாவுக்கு வேற அனுப்பிட்டேன் மேடம். அவங்க ஃபிரேம் போடக் குடுத்துட்டாங்க."

டெல்ஃபின் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். தப்பைவிட இதுதான் அவளை அதிகம் சுட்டது. தன் பெயருக்கு இருந்த மரியாதையே ஒரு பையனின் சொந்தக் கண்ணை நம்பவிடாமல் செய்திருக்கிறது.

"உங்கம்மாகிட்ட நான் பேசறேன்," என்றாள். "மன்னிச்சுக்கோப்பா."

"ஐயோ, நீங்க போய்!" என்றான் பையன்.

ஒன்பது மணிக்குத் திருத்தப் படிவத்தை எடுத்தாள். லீகின் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. எல்லா ஊர்க்காரர்களும் அதில் 'எந்திரக் கோளாறு' என்றுதான் எழுதுவார்கள். வெண்டெலும் அதைத்தான் எழுதச் சொன்னார். "உடுப்பு எண்ணு தெளிவா இல்லைன்னாவது எழுது, பொய் இல்லையே" என்று கெஞ்சினார். டெல்ஃபின் பேனாவை எடுத்து, 'நான் தவறாகப் பார்த்தேன்' என்று எழுதி, முழுப் பெயரையும் போட்டாள். ரீவ்ஸுக்கு ஒன்று கழிந்தது. டக்கெட்டுக்குப் பத்து. மொத்தம் நாலாயிரத்து எண்ணூற்றுப் பதினெட்டு. ஒன்பதே காலுக்குப் படிவம் போய்விட்டது.

வெண்டெல் சொன்னபடியே நடந்தது. பத்து மணி வானொலியில் ஒருவன், "கடுகுக்கு இவ்வளவு சக்தி இருக்குன்னு தெரியாமப் போச்சே!" என்று சிரித்தான். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஓட்டிஸ் போன் செய்தார்.

"ஏம்மா, நேத்து நான் கால்ல விழாத குறையாக் கேட்டப்ப முடியாதுன்னே. இப்ப மட்டும் எப்படி?"

"நேத்து நீங்க கேட்டது வேற பந்து. அது இப்பவும் இல்லதான். இது நான் கோட்டைவிட்ட பந்து."

"நீ கோட்டைவிட்டியா? நீயா?" பெரிய குரல் முதன்முறையாகத் தணிந்தது. "ஊருல எல்லாரும் வேற மாதிரி பேசறாங்களே, நான் என்னன்னு சொல்லட்டும்?"

"டெல்ஃபின் தப்புப் பண்ணினான்னு சொல்லுங்க. அது நிஜம்தானே."

"சொல்றேன்," என்றார் ஓட்டிஸ். "நம்பாதவனுக்கு என் கடையில சோறு இல்லைன்னும் சொல்றேன்."

பதினொன்றரைக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆடுகளத்து மேஜைக்குப் போனாள். பன்னிரண்டு மணிக்கு மாநகராட்சி நூலகத்து ஆட்கள் வந்து பத்திரப்படுத்த வாங்கிக்கொள்வார்கள். தரைப் பலகைகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள். பாதிக் களத்தில் வெறும் சிமெண்டு தெரிந்தது. டக்கெட் அங்கே நின்றிருந்தான். பெட்டியோடு விமான நிலையம் போகிற வழியில் வந்திருந்தான்.

டெல்ஃபின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவன் பக்கம் திருப்பினாள். சிவப்பு மையில் ஆறை அடித்து எட்டு. ஓரத்தில் 'என் தவறு' என்று அவள் பெயர். அவன் குனிந்து நிதானமாகப் படித்தான்.

"வீடியோ இருக்கு, போட்டுக் காட்டறேன்," என்றாள் அவள் அவசரமாக. "பரிதாபப்பட்டுக் குடுத்தேன்னு நெனைச்சுடாத. வானொலியில சொல்றதை..."

"எனக்கு எதுக்கு வீடியோ, மிஸ் டெல்ஃபின்? குடுத்தவன் நான்தானே."

அவள் நிமிர்ந்தாள். "அப்ப உனக்கு நேத்தே தெரியுமா?"

"இடைவேளையில கணக்குத் தாளைப் பாத்தப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்டா வாயத் திறக்கல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அத்தனை பேரு முன்னாடி அங்கேயே கெடைச்சிருக்குமே! உன் சனம் எல்லாம் பாத்திருக்குமே!"

டக்கெட் சிரித்தான். "இன்னிக்குக் காலைல ஆறு மணிக்கு நீங்க வந்து பாப்பீங்கன்னு தெரியும். அதான் நேத்து எல்லாரும் கொந்தளிச்சப்ப நான் பேசாம வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு நல்லாத் தூங்கினேன்."

அணி போகப்போகிறது என்று அறிவித்த நாளில் டெல்ஃபின் அழவில்லை. நேற்று ஊரே வைதபோதும் அழவில்லை. இப்போது அந்த மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு, பலகை கழற்றுகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, வாய்விட்டு அழுதாள்.